தீக்குழியில் மிஞ்சியது

கடற்கரை என்ற அந்த ஆள் வீசிய அரிவாள் என் காதுக்கும் தோளுக்கும் நடுவே இருந்த கொஞ்ச இடத்தில் புகுந்து, பின்னாலிருந்த வேப்பமரத்தில் பதிந்தது. அது எனக்கு ஓங்கியதல்ல. கையில் விலங்கோடு மரத்தடியில் குத்தவைத்திருந்த சுடலையாண்டிக்கு ஓங்கியது. குறுக்கே போய் நின்ற வீரன் என்று என்னை யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்கள் அண்ணாச்சி முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டார்.

"தள்ளுனது நீங்கதானே?" என்றேன், பல் தந்தியடிக்க.

"வேலை இல்லாம நின்னது நீ ஒருத்தன்தாம்லே," என்றார் அவர்.

அண்ணாச்சி என்றால் துப்பறியும் நெல்லையப்பன். தென்காசி கூலக்கடை பஜாரில் மாடியில் ஆபீஸ். போர்டில் அவர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். உதவியாளன் பிச்சுமணி என்று என் பெயரையும் எழுதச் சொல்லி வருஷக்கணக்காகக் கேட்கிறேன். பலகையில் இடம் இல்லையாம்.

மரத்தில் பதிந்த அரிவாளைக் கடற்கரை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினான். இரண்டு கான்ஸ்டபிள்கள் பாய்ந்து பிடித்தார்கள். ஒருவருக்கு நெஞ்சில் உதை. அவர் தொப்பி தனியாகவும் ஆள் தனியாகவும் உருண்டார்கள். அதற்குள் கூட்டத்திலிருந்து கல் பறந்தது. ஒன்று சுடலையாண்டியின் வாயில் பட்டது. அவன் குனிந்து ரத்தத்தைத் துப்பினான். அதில் ஒரு பல் இருந்தது. அவன் பெண்டாட்டி மாரித்தாய் அவன் மேல் கவிழ்ந்து விழுந்தாள். அடுத்த கல் அவள் முதுகில் விழுந்தது.

"எங்கண்ணன் தலையைப் பிளந்து தீயில போட்டவன் இவன். இவனை ஜீப்புல ஏத்தி வேற கூட்டிட்டுப் போவியளா? இங்கனயே குடுங்க," என்று கத்தினான் கடற்கரை.

அப்போதுதான் சுந்தரபாண்டி நடுவில் வந்தார். மந்தைக்குடி மேய்ச்சல் சங்கத்தின் தலைவர்; சொந்த மாடுகளை விற்றுவிட்டார் என்று மாரித்தாய் வரும் வழியில் சொல்லியிருந்தாள். வெள்ளை வேட்டி, வாயில் பற்றவைக்காத சுருட்டு. கூட்டத்தைப் பார்த்து ஒரே ஒரு தடவை கையைத் தூக்கினார். கல் நின்றுவிட்டது.

"போலீஸ் இருக்கு, கோர்ட்டு இருக்கு. நம்ம கையை ஏம்லே அழுக்காக்கணும்? கடற்கரை, அரிவாளை ஏட்டய்யாட்ட குடு."

கடற்கரை கொடுத்தான். ஏட்டு அதை மரத்தில் சாய்த்து வைத்தார். சுந்தரபாண்டி என் பக்கம் திரும்பி, "தம்பி, தீப்பெட்டி இருக்கா? என் பெட்டி எங்கனயோ விழுந்துட்டு," என்றார். எடுத்துக் கொடுத்தேன். மனுஷன் என்ன நிதானமாகச் சுருட்டைப் பற்றவைக்கிறார் என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. பெட்டி என் கைக்குத் திரும்பியது.

நடந்தது இதுதான். குற்றாலத்துக்கு வடக்கே, மந்தைக்குடிக்கு மேலே, கரடிப்புடவு என்று ஒரு மலைச்சரிவு. நிலம் சர்க்காருடையது, புல் சங்கத்துடையது. சும்மா கொடுக்கவில்லை. சரிவுக்கும் அதற்கு மேலே இருக்கும் சர்க்கார் காட்டுக்கும் நடுவில், கோடைக்கு முன்னால் புல்லையும் செடியையும் வெட்டி வெறும் தரையாக ஒரு பாதை விட வேண்டும். தீக்கோடு என்று சொல்லுவார்கள். மாடு வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் ஒரு பங்கு. மேலே ஒரு காவலாளி இருக்க வேண்டும். தீ என்று கொம்பு ஊதினால் வீட்டுக்கு ஒரு ஆள் தீயை அடித்து அணைக்கப் பச்சைக்குழையோடு ஓட வேண்டும். சரிவுக்குள் தீப்பிடித்தால் சங்கமே அணைத்துக்கொள்ளும், கேள்வி இல்லை. தீ கோட்டைத் தாண்டிக் காட்டுக்குள் போய்விட்டால் சரிவு போச்சு.

நேற்று, பங்குனி உத்திரத்தன்று, தீ தாண்டிவிட்டது. தாண்டிய இடம் சுடலையாண்டியின் பங்கு. அவன் அதை வெட்டாமல் விட்டிருந்தான். கடற்கரையின் அண்ணன், காவலாளி மாடன், முந்தாநாள்தான் ஊர் நடுவில் வைத்து அவன் சட்டையைப் பிடித்திருந்தான். நேற்று தீ அணைந்த பிறகு பார்த்தால், மாடன் தன் குடிசையோடு கரிந்து கிடந்தான். மண்டையில் அரிவாள் வெட்டு. மாடு மேய்க்கப் போய்ச் சரிவிலிருந்து ஓடி வந்த சுடலையாண்டியின் மடியில் ஒரு தீப்பெட்டி.

காட்டிலாகா ரேஞ்சர் மத்தியானம் வருகிறார், சரிவைப் பறிக்க. போலீஸ் ஜீப் அதற்குள் கிளம்பிவிடும், சுடலையாண்டியைக் கொண்டுபோக. மாரித்தாய் விடிகாலையில் குற்றாலத்துக்கு ஓடி வந்து எங்கள் லாட்ஜ் கதவைத் தட்டியது இதற்காகத்தான். அருவியில் சொட்டுத் தண்ணீர் இல்லாத மாதத்தில் குற்றாலத்தில் தங்கிய ஆட்கள் நாங்கள் இரண்டு பேர்தான். வாடகை குறைவு என்று அண்ணாச்சி அழைத்து வந்திருந்தார்.

"ஐயா, நேத்து விடியமுன்ன சாஸ்தா பீடத்துக்கும் தீக்கல்லுக்கும் நான்தான் வெள்ளையடிச்சேன்," என்றாள் மாரித்தாய். கண்ணீர் இல்லை, கோபம்தான். "கல்லுக்கு அடியில இருக்க குழிக்குள்ள முழங்கை மட்டும் கையை விட்டுப் பூசினேன். உத்திரத்துக்கு அந்த சாஸ்தாவுக்கு வெள்ளையடிச்சதுக்கு எனக்கு அவரு குடுத்தது இதுவா? எம் புருசன் சோம்பேறி. அதை நானே சொல்லுதேன். கொலைகாரன் இல்ல."

சப்-இன்ஸ்பெக்டர் பால்வண்ணநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு அண்ணாச்சி மேல் மரியாதை உண்டு, நம்பிக்கைதான் இல்லை. "மேல போய்ப் பாக்கணும்னா இப்பவே பாத்திடுங்க அண்ணாச்சி. ரேஞ்சர் வந்தா நான் நிக்க முடியாது."

மலைப்பாதை வேப்பமரத்தை ஒட்டி இருக்கும் சாஸ்தா பீடத்தைத் தாண்டித்தான் ஏறுகிறது. பீடத்துக்கு முன்னால் தீக்கல் என்ற அந்தப் பெரிய கல். கல்லுக்கு அடியில் கை நுழைகிற அளவுக்கு ஒரு குழி. புது வெள்ளையில் பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் மிச்சச் சுண்ணாம்போடு மாரித்தாயின் பானை. நான் தாண்டப் போனேன். மாரித்தாய் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"தீப்பெட்டியை உள்ள வச்சிட்டு ஏறு."

"எதுக்கு?"

"தை பிறந்தா சாரல் விழுந்து மலை நனையுத வரைக்கும் ஒருத்தரும் தீயை மேல கொண்டு போகப்பிடாது. இங்கன வச்சிட்டுப் போகணும், இறங்கையில எடுத்துக்கிடணும். அடுத்தவன் பெட்டியைத் தொடப்பிடாது."

"மாடன்?"

"அவனும்தான். மேல அவன் குடிசையில ஒரு அடுப்பு உண்டு. இந்த மலையில அது ஒண்ணுதான் தீ. அதுல இருந்து ஒரு கங்கு யாருக்கும் குடுக்க மாட்டான். குடுக்கப்பிடாது."

ஊர் வழக்கத்தோடு எனக்கு என்ன சண்டை. கையை விட்டு என் பெட்டியை வைத்தேன். உள்ளே வேறு பெட்டிகள் விரலில் தட்டின. கையை உருவிச் சுண்ணாம்புப் பொடியை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஏறினேன். அந்தக் கணத்தில் எனக்கு மூளை என்று ஒன்று இருந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

சப்-இன்ஸ்பெக்டர், ஒரு கான்ஸ்டபிள், அடையாளம் காட்டக் கடற்கரை, அண்ணாச்சி, நான். என்னைத் தவிர வேறு யாரிடமும் அப்போது தீப்பெட்டி இல்லை. சுந்தரபாண்டி வரவில்லை. புகை ஒத்துக்கொள்ளாது என்றார், சுருட்டை இழுத்தபடி.

சரிவு முழுக்கக் கறுப்பு. காலடியில் சாம்பல் இன்னும் சுட்டது. பாறை இடுக்கில் ஒரு கன்று வயிறு வெடித்துக் கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு செவலைப்பசு, பின்னங்கால் இரண்டும் வெந்து, எழுந்திருக்கப் பார்த்துப் பார்த்து விழுந்துகொண்டிருந்தது. அது எழுப்பிய சத்தம் மாட்டுச் சத்தமாகவே இல்லை. சப்-இன்ஸ்பெக்டர் ரிவால்வரை எடுத்தார். கடற்கரை முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒரு தடவை சுட்டதில் அது சாகவில்லை. இரண்டாவது தடவை நானும் திரும்பிக்கொண்டேன்.

மாடனின் குடிசை ஒரு மொட்டைப் பாறையின் நடுவில் இருந்திருக்கிறது. அடுப்பு இருக்கிற இடம் என்பதால் சுற்றிலும் ஒரு புல்கூட இல்லாத இடமாகப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். இப்போது நான்கு கரிக்கட்டைக் கால்களும் மூன்று அடுப்புக் கற்களும்தான் மிச்சம். ரத்தம் பாறையில் வழிந்து, தீயில் காய்ந்து, தார் ஊற்றினது போலக் கிடந்தது. இழுத்துக்கொண்டு போன தடம் வாசலிலிருந்து உள்ளே போயிற்று.

"வெளிய வச்சு வெட்டி, உள்ள இழுத்துப் போட்டு, கூரையைக் கொளுத்தியிருக்கான்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"ஒரு வெட்டு இல்ல," என்றான் கடற்கரை.  "நான்தானே துணியில சுத்தித் தூக்கிட்டு வந்தேன். கையைத் தூக்கித் தடுத்திருக்கான். விரல் ரெண்டு இல்ல."

அண்ணாச்சி அடுப்புக் கற்களின் பக்கம் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு பாறை விளிம்புவரை நடந்து போனார். "சப்-இன்ஸ்பெக்டர் சார், இந்தப் பாறையில தீ நடந்து போகுமா?"

"புல்லு இல்லாம எப்படிப் போகும்?"

"அப்போ குடிசைத் தீ வேற, காட்டுக்குப் போன தீ வேற. வாங்க மேல."

தீக்கோடு பார்க்கவே அழகாக இருந்தது. கறுப்புச் சரிவுக்கு மேலே வகிடு எடுத்தது போல சிவப்பு மண். நல்லபடி வெட்டிய பங்குகளில் தீ வந்து, முட்டி, செத்துக் கிடந்தது. சுடலையாண்டியின் பங்கில் மட்டும் வகிடு இல்லை. அங்கே கறுப்பு நேராக மேலே ஏறிச் சர்க்கார் காட்டுக்குள் போயிருந்தது. மரங்கள் இன்னும் புகைந்தன.

"இவன் செத்தாலும் என் மனசு ஆறாது," என்று பல்லைக் கடித்தான் கடற்கரை. "இந்தத் துண்டை வெட்டியிருந்தா ஒண்ணுமே போயிருக்காது."

அந்தத் துண்டின் கீழோரத்தில்தான் ஒரு சட்டி கிடந்தது. சின்ன மண்சட்டி. கவிழ்ந்து கிடந்ததை அண்ணாச்சி குச்சியால் நிமிர்த்தினார். உள்ளே அடுப்புக்கரி ஒட்டியிருந்தது.

கடற்கரை சட்டென்று உட்கார்ந்தான். "எங்கண்ணன் கஞ்சிச் சட்டி," என்றான். விளிம்பில் ஒரு உடைசல் இருந்தது. அதில் விரலை வைத்துத் தடவினான்.

"ஏலே பிச்சு," என்றார் அண்ணாச்சி. "மடியில தீப்பெட்டி வச்சிருக்கவன் நெருப்பைச் சட்டியில சுமப்பானா?"

"எங்க பெரியம்மா சுமப்பா. குச்சி செலவாகும்னு."

"உங்க பெரியம்மா கொலை பண்ணிட்டு நிக்கையிலயும் சுமப்பாளா?"

"அது அவளைக் கோவப்படுத்துனது யாருங்கதைப் பொறுத்து."

அண்ணாச்சி சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். "கொன்னவன் கையில தீப்பெட்டி கிடையாது. மாடன் அடுப்புல இருந்து கங்கை அள்ளிட்டு வந்து இங்கன கொட்டியிருக்கான். உங்க கைதியோட மடியில பெட்டி இருந்ததுன்னு நீங்கதான் சொல்லுதிய."

நான் கைதட்டாத குறை. சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். பிறகு மெல்லச் சிரிக்க ஆரம்பித்தார். 

"ரொம்ப சந்தோஷம் அண்ணாச்சி. என் கேஸ்ல ஒரு ஓட்டை இருந்தது. இவன் ஊர் வழக்கத்தை மீறி எதுக்குத் தீப்பெட்டியை மேல கொண்டு வந்தான்னு விளங்காமலே இருந்தது. இப்ப விளங்கிட்டு. கொண்டு வரல. கீழ குழியில வச்சிட்டு ஏறியிருக்கான். மாடனை வெட்டி, அடுப்புக் கங்கை எடுத்து, இங்கன பத்தவச்சிட்டு, இறங்கையில பெட்டியை எடுத்து மடியில கட்டிக்கிட்டான். அவனும் அதைத்தான் சொல்லுதான், இறங்கையில எடுத்தேன்னு. ஓட்டையை நீங்களே அடைச்சுக் குடுத்திட்டிய."

 சப்-இன்ஸ்பெக்டர் இறங்க ஆரம்பித்தார். கடற்கரை சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனான். அவன் நடையைப் பார்த்தால், கீழே போனதும் ஜீப் வரைக்கும்கூடச் சுடலையாண்டியை விடமாட்டான் என்று தோன்றியது.

"அண்ணாச்சி, நாம காப்பாத்த வந்தமா, தூக்குக் கயிறு திரிச்சுக் குடுக்க வந்தமா?" என்றேன். எனக்கு உண்மையிலேயே கோபம். மாரித்தாயின் முகத்தை நான்தானே பார்க்க வேண்டும்?

அவர் ஒரு கரிந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீ உன் பெட்டியை எங்கலே வச்ச?"

"குழியிலதான். அவ விடல."

"உள்ள வேற என்ன இருந்தது?"

"வேற பெட்டி."

"எத்தனை?"

கண்ணை மூடி விரலால் காற்றில் தடவிப் பார்த்தேன். "ஒண்ணு வாசல்லயே. இன்னொண்ணு உள்ள தள்ளி. ரெண்டு."

"நேத்து தீ அணைஞ்சதுல இருந்து ஊர்க்காரன் ஒருத்தனும் மலையில தங்கல. போனவன் எல்லாம் இறங்கி, எடுத்துட்டுப் போயிட்டான். இறங்காதவன் மாடன். அவன் பெட்டி ஒண்ணு." அவர் என்னைப் பார்த்தார். "செத்தது ஒருத்தன். மிஞ்சுன பெட்டி ரெண்டு. ஏறிட்டு இந்தப் பாதையில இறங்காதவன் இன்னொருத்தன் இருக்காம்லே."

நான் அவருக்கு முன்னால் ஓடினேன். சாம்பலில் இரண்டு தடவை விழுந்தேன்.

கீழே கூட்டம் பீடத்தைச் சுற்றி நெருங்கியிருந்தது. ஜீப்பில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சுடலையாண்டியை ஏற்றுவதற்கு இழுத்தார்கள். அவன் கால்கள் தரையில் இழுபட்டன. நேற்று ராத்திரி போலீஸ்காரர்கள் பாதங்களில் அடித்த அடியில் அவனால் நிற்க முடியவில்லை. சுந்தரபாண்டி ஜீப்பின் பக்கத்தில் நின்று, "பாத்து ஏத்துங்கய்யா, அவனும் மனுசன்தானே," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"சார், எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்க," என்றார் அண்ணாச்சி. "மாரித்தாய், கையை விட்டு உள்ள இருக்கதை ஒவ்வொண்ணா எடு."

"அடுத்தவன் தீயைத் தொடப்பிடாதய்யா."

"உம் புருசன் உசிரு அதுக்குள்ள இருக்கு. எடு."

அவள் பீடத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் குழியில் கையை விட்டாள். முதலில் வந்தது என்னுடைய பெட்டி. அடுத்தது பழைய பெட்டி. மேலே ஆணியால் கீறிய ஒரு வட்டம், நடுவில் புள்ளி. மாட்டுக்குப் போடும் சூட்டுக்குறியைத்தான் அவரவர் பெட்டியிலும் கீறி வைத்துக்கொள்ளுவார்கள், மாறிவிடாமல் இருக்க.

"எங்கண்ணனுது," என்றான் கடற்கரை.

"இன்னொண்ணு வரமாட்டேங்குது," என்றாள் மாரித்தாய். "தரையோட ஒட்டிட்டு."

"பிய்ச்சு எடு."

அவள் உறுமிக்கொண்டு இழுத்தாள். வந்தது. பெட்டியின் அடியில் ஒரு பாளம் வெள்ளைச் சுண்ணாம்பு, கல்லாகக் காய்ந்து. மேலே ஒரு சூலம் கீறியிருந்தது.

  எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். வாயில் சுருட்டோடு சுந்தரபாண்டி நின்றார்.

"மாட்டை எல்லாம் வித்துட்டிய," என்றார் அண்ணாச்சி. "குறியை விக்கல போலிருக்கு."

"என் பெட்டி தொலைஞ்சு போச்சுன்னு காலையிலயே சொன்னேம்லா. எவனோ எடுத்து இதுக்குள்ள போட்டிருக்கான். நான் நேத்து பூராவும் புளியங்குடியில. எலுமிச்சங்கன்னு பாக்கப் போயிருந்தேன்."

"காய்ஞ்ச சுண்ணாம்புல வச்சா ஒட்டாது. மாரித்தாய் பூசுனது நேத்து விடியமுன்ன. வெயில் படாத குழி. ஈரம் இருக்கையிலயே வச்ச பெட்டி இது. இவ புருசன் பெட்டி அடியிலயும் சுண்ணாம்பு இருக்கும், பாருங்க சார். அவனும் வச்சிட்டுத்தான் ஏறினான், எடுத்துட்டுத்தான் இறங்கினான். இந்தப் பெட்டிக்காரரு வச்சாரு. எடுக்க வரல."

"தீ வைக்கப் போகுதவன் தீப்பெட்டியைக் கீழ வச்சிட்டா போவான்?" சுந்தரபாண்டி கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "கேளுங்கய்யா கதையை."

எனக்கும் அதே கேள்விதான். வாயைத் திறக்காமல் இருந்தேன், அதிசயமாக.

"அதான் உங்களுக்கே இன்னும் தெரியல," என்றார் அண்ணாச்சி. "நடக்கப் பழகுன நாள்ல இருந்து இந்தக் கல்லைத் தாண்டும்போது உங்க கை மடிக்குப் போகும், குழிக்குப் போகும். நேத்தும் போயிருக்கு. மனசு பூரா தீயை நினைச்சிட்டிருக்கையில கை அது பாட்டுக்குப் பெட்டியை வச்சிட்டு. மேல போய் மடியைத் தடவினா பெட்டி இல்ல. வழியில விழுந்துட்டுன்னு நினைச்சிய. மலையில வேற தீ ஏது? மாடன்ட்ட போய்க் கங்கு கேட்டிய."

கடற்கரையின் கையிலிருந்த சட்டி கீழே விழுந்து உடைந்தது. "பெத்த அப்பன் கேட்டாலும் குடுக்க மாட்டான்," என்றான்.

"குடுக்கல. அதுக்குத்தான் செத்தான். வெட்டாம கிடந்த பங்காப் பாத்துப் பத்தவச்சா தீ கோட்டைத் தாண்டும். தாண்டினா சங்கத்துக்குச் சரிவு போகும். போன சரிவு எலுமிச்சைத் தோப்புக்குக் குத்தகைக்கு வரும். கன்னு கூடப் பாத்து வச்சாச்சு. பத்தவச்சிட்டு அந்தப் பக்கமா குற்றாலத்துக்கு இறங்கிட்டிய."

சுந்தரபாண்டியின் கை தன்னையறியாமல் மடியைத் தடவியது. நான் பார்த்தேன். ஊரே பார்த்தது. அவர் அந்தக் கையைக் குனிந்து பார்த்தார், வேறு யாருடைய கையோ போல.

அப்புறம் அவர் வேப்பமரத்தை நோக்கிப் பாய்ந்தார். சாய்த்து வைத்திருந்த கடற்கரையின் அரிவாள் அவர் கைக்கு வந்துவிட்டது. மறித்த ஏட்டுக்கு முழங்கையில் ஒரு வெட்டு; எலும்பு தெரிந்தது. கடற்கரை குறுக்கே விழுந்தான். தோளில் இறங்கிய வெட்டில் அவன் சட்டை ஒரே நொடியில் நனைந்துவிட்டது. சப்-இன்ஸ்பெக்டர் ரிவால்வரை எடுப்பதற்குள் சுந்தரபாண்டி மாரித்தாயின் கொண்டையைப் பிடித்து இழுத்து, அரிவாளை அவள் கழுத்தில் வைத்தார். சுருட்டு எங்கோ போயிருந்தது. வாயில் நுரை.

"சுட்டா இவ தலை முதல்ல விழும். ஜீப்பை விட்டு எல்லாவனும் விலகுங்கலே."

கழுத்தில் ஒரு கோடு சிவப்பாக விழுந்து, வழிய ஆரம்பித்தது. ஜீப்பின் சக்கரத்தடியில் கிடந்த சுடலையாண்டி, விலங்கு மாட்டிய கைகளை ஊன்றி, நிற்க முடியாத கால்களில் நிற்கப் பார்த்தான். விழுந்தான். மறுபடி பார்த்தான்.

மாரித்தாய் அழவில்லை. அவர் இழுத்த இழுப்புக்குப் பின்னாலேயே போனாள், பீடத்தை ஒட்டி. அவள் கை பக்கவாட்டில் தொங்கியது. அதற்குக் கீழே சுண்ணாம்புப் பானை. எனக்குப் புரிந்தது. நான் செய்ததெல்லாம், "ஏய் கிழட்டுச் சுருட்டு," என்று கத்தியதுதான். அவர் என் பக்கம் திரும்பினார். அவள் ஒரு கை நிறைய அள்ளி, தலைக்கு மேலாகப் பின்னால் வீசினாள். சுண்ணாம்பு முழுக்க அவர் கண்ணில்.

அவர் அலறியது மேலே அந்தச் செவலைப்பசு அலறியதைப் போலவே இருந்தது. கண் தெரியாமல் அரிவாளைச் சுற்றினார். அண்ணாச்சியின் புறங்கையை அது சீவிவிட்டுப் போயிற்று. அடுத்த கணம் கடற்கரை அவர் மேல் இருந்தான். ஒரு கை வேலை செய்யவில்லை. மற்ற கையால் அரிவாளைப் பிடுங்கினான். முழங்காலை அவர் நெஞ்சில் ஊன்றி ஓங்கினான். போலீஸ் உட்பட ஒருவரும் நகரவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் தடுக்க மனசு வரவில்லை.

தடுத்தது ஒரு விலங்குச் சங்கிலி. சுடலையாண்டி தவழ்ந்தே வந்து சேர்ந்திருந்தான். தன் இரண்டு கைகளையும் கடற்கரையின் மணிக்கட்டில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

"விடுலே," என்றான் கடற்கரை.

"விடமாட்டேன். நீ ஜெயிலுக்குப் போயிட்டா உன் பங்கையும் சேத்து எவன் வெட்டுவான்?" உடைந்த வாயிலிருந்து வார்த்தையும் ரத்தமும் சேர்ந்தே வந்தன. "நான் ஒரு துண்டு வெட்டாததுக்கு இம்புட்டும் ஆச்சு. போதும்லே."

கடற்கரை அவனைப் பார்த்தான். காலையில் அவன் தலைக்கு ஓங்கிய அதே அரிவாள். பிடி மெல்லத் தளர்ந்தது. அண்ணாச்சி ரத்தம் சொட்டும் கையால் அதை வாங்கிக்கொண்டார்.

ரேஞ்சர் வந்தபோது சுந்தரபாண்டி ஜீப்பில் கண்ணைக் கட்டிக் கிடந்தார். சப்-இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் சொன்னார், கொஞ்சம் தானே கண்டுபிடித்தது போல. அது எனக்குப் பழக்கம்தான். ரேஞ்சர் கேட்டுக்கொண்டு, கரிந்த மலையைப் பார்த்தார்.

"கொலைகாரன் யாருங்கது போலீஸ் பாடு. கோடு வெட்டாம விட்டது யாரு? அதுதான் என் கேள்வி."

சுடலையாண்டி கையைத் தூக்கினான். விலங்கை அப்போதுதான் கழற்றியிருந்தார்கள். "நான்தான் ஐயா. மாடு கன்னு போட்டிருந்தது. நாளைக்கு வெட்டலாம், நாளைக்கு வெட்டலாம்னு இருந்துட்டேன்."

ரேஞ்சர் மறுபடி மலையைப் பார்த்தார். மேலே காட்டோரத்தில் ஒரு மரம் புகைந்துகொண்டிருந்தது. காற்று மாறினால் அது மறுபடி எழும். "சரிவை எடுக்கணும்னு எழுதத்தான் வந்தேன். நாளைக்கு ஏறிப் பாக்கேன். கோடு முழுசா இருந்தா எழுத மாட்டேன்."

கூட்டம் அரிவாள் எடுக்க வீட்டுக்குக் கலைந்தது. காலையில் கல் எடுத்த கைகள் பச்சைக்குழையோடு திரும்பி வந்தன. நடக்க முடியாத சுடலையாண்டியை இரண்டு பேர் தோளில் தாங்கிக்கொண்டார்கள். அவனை விட்டுவிட்டுப் போக அவனே சம்மதிக்கவில்லை. கழுத்தில் துணி சுற்றிய மாரித்தாய், ஒருவர் விடாமல் கல்லருகே நிறுத்தினாள். எல்லோரும் குனிந்து பெட்டியை வைத்துவிட்டு ஏறினார்கள்.

கடைசியாக வந்தவன் கடற்கரை. தோளில் கட்டு. அண்ணாச்சி மாடனின் பெட்டியை அவனிடம் நீட்டினார். "போலீசுக்கு மத்தது போதும். இதை நீ வீட்டுக்குக் கொண்டு போ."

கடற்கரை அதை வாங்கவில்லை. தன் பெட்டியைக் குழிக்குள் வைத்தான்.

"அது அவன் தீ அண்ணாச்சி. நான் தொடப்பிடாது," என்றான். "இருந்த இடத்துலயே வச்சிருங்க."

அண்ணாச்சி குனிந்து, அடிபட்ட கையால் அதை உள்ளே வைத்தார். கடற்கரை குழையைத் தூக்கிக்கொண்டு, சுடலையாண்டியின் பங்கை நோக்கி ஏறிப்போனான்.